கதவுக்குப் பின்னால் நின்றவள்

ரமணி,

இதை நீ படிக்கும்போது கப்பல் கிளம்பி ஒரு வாரமாவது ஆகியிருக்கும். நீலக் கம்பளிச் சட்டையின் மடிப்புக்குள் வைக்கப்போகிறேன். குளிர் தொடங்கினால்தான் அதை எடுப்பாய் என்று தெரிந்தேதான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். நேரில் சொல்லித் தொலைத்திருக்கலாமே அம்மா என்று கேட்பாய். மூன்று நாளாக நீ சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். "இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டுமா" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். உன் அம்மா பெரிய தைரியசாலி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாயே, அந்த லட்சணத்தை இதிலிருந்தே பார்த்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு வழியனுப்பு விருந்து என்று வீடு கொள்ளாமல் ஆட்கள். செம்பூர் மாமாவும் மாமியும், அப்பாவின் ஆபீஸ்காரர்கள், உன் காலேஜ் சிநேகிதர்கள். தங்கமும் வந்திருந்தாள். பத்து வருஷமாக ஒவ்வொரு செவ்வாயும் தாராவியில் இருக்கும் தன் சின்னக் கடையிலிருந்து மாட்டுங்காவுக்கு நடந்தே வந்து நமக்கு நல்லெண்ணெயும் அப்பளமும் கொடுக்கிறவள், நீ கடல் தாண்டிப் போகிறாய் என்று கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தாள். வழக்கம்போல வாசற்கதவை ஒட்டி, செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். யாரும் அவளை அங்கே உட்காரச் சொல்லவில்லை. உள்ளே வா என்றும் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்போதுதான் அப்பாவின் ஆபீஸ்காரர் ஒருவர் உன்னை வம்புக்கு இழுத்தார். "யூதாளையெல்லாம் கூட்டம் கூட்டமாக் கொன்ன தேசத்துக்கா போறே? உனக்கு வேற ஊரே கெடைக்கலையா?" நீ சிரிக்காமல் பதில் சொன்னாய். "வேலை கத்துக்கணும்னா அங்கதான் போணும் மாமா. ஆனா அங்க வயசானவா யாரைப் பாத்தாலும், அப்போ அவா உன் வீட்டுக் கதவைத் தட்டினாளே, தொறந்தியா, இல்லையான்னு கேக்கத் தோணும். கேட்டாலும் கேட்டுடுவேன்." அதோடு விட்டாயா? நான் சினிமாக் கொட்டகையில் கத்திய கதையை நூறாவது தடவையாக எடுத்துவிட்டாய். எங்கம்மா மாதிரி ஒருத்தி அந்தப் படத்தில் வருகிற தெருவில் இருந்திருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திருக்கும் என்று முடித்தாய். எல்லாரும் கைதட்டினார்கள். வாசற்பக்கமிருந்து தங்கம் சொன்னாள்: "நெசந்தான் தம்பி. அன்னைக்கு கலாட்டாவுல அக்கா மட்டும் வீட்டுல இருந்திருந்தா எம் பிள்ளைக்கு நெத்தியில இந்தத் தழும்பு விழுந்திருக்காதுல்லா."

மொத்தக் கூட்டமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. மோர் கொண்டுவருகிறேன் என்று சொல்லி அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஏனென்றால் அன்றைக்கு நான் வீட்டில்தான் இருந்தேன், ரமணி.

கோர்வையாகச் சொல்லிப் பார்க்கிறேன். நீ முதல் வருஷம் காலேஜில் படிக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சிக்குக் கோட்டைப் பக்கம் ஒரு கொட்டகைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய். "பாஷை புரியாதேடா" என்றேன். "கீழே இங்கிலீஷ்ல போடுவா, அதுவும் வேண்டாம், மொகத்தைப் பாத்தாலே புரியும்" என்றாய். சொன்னபடியே புரிந்தது. யூத ஜாதியைச் சேர்ந்த ஒரு தையற்காரி, கையில் சின்னப் பையன். பட்டாளத்து லாரி தெருமுனையில் வந்து நிற்கிறது. அவள் ஒரு கட்டடத்தின் மாடிப்படியில் ஓடி ஏறி ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறாள். அத்தனை வீட்டுக்கும் துணி தைத்துக் கொடுத்தவள். ஒரு கதவும் திறக்கவில்லை. கடைசிக் கதவுக்குப் பின்னால் ஒரு பொம்மனாட்டி தாழ்ப்பாளைப் பார்த்தபடி, வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சுவிடாமல் நிற்கிறாள். எனக்கு அப்போது சினிமா என்பதே மறந்துபோயிற்று. எழுந்து நின்று, "அடிப் பாவி! தொறயேன்டி! உன் கையென்ன அழுகியா போச்சு?" என்று தமிழில் கத்தினேன். முன்வரிசைப் பார்சிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாய்.

அன்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். வீட்டுக்கு வந்து குளித்தும் சாப்பாடு இறங்கவில்லை. "அவாளும் மனுஷாதானேடா, ஒரு கதவைத் தொறக்க முடியலையா" என்று உன்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஒரு தாய்க்கு அதைவிட என்ன வேண்டும்? அப்புறம் அந்த மாதிரிப் படம் எது வந்தாலும் கூட்டிக்கொண்டு போனாய். ஒரு படத்தில் ரயில் பெட்டியின் இடுக்கு வழியாக ஒரு குழந்தையின் கை மட்டும் தெரியும். அதற்கும் அழுதேன். இன்றைக்கு யோசித்தால் ஒன்று தெரிகிறது. அழுது முடித்து வெளியே வரும்போது மனசு லேசாக இருக்கும். ஏதோ புண்ணியம் சம்பாதித்த மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்து சூடாக ஒரு டம்ளர் காபி குடிப்பேன், அது ரொம்ப ருசியாக இருக்கும். அந்த ருசியை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

கலாட்டா நடந்தபோது நீ புனாவில் பயிற்சியில் இருந்தாய். மதராஸிக்காரர்கள் வந்து எங்கள் வேலையையெல்லாம் பிடுங்கிக்கொண்டார்கள், ஊரைவிட்டுப் போகட்டும் என்று மராட்டியில் சுவரெல்லாம் எழுதியிருந்தது உனக்குத் தெரியும். மாட்டுங்காவில் நமக்கு என்ன வந்துவிடும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்குக் காலையில் அவர் ஆபீஸுக்குப் போய்விட்டார். பத்தரை மணிக்கெல்லாம் ரயில் நின்றுவிட்டது என்று செய்தி வந்தது. எதிர்வீட்டு மாமி ஓடிவந்து, "ரெண்டு தெரு தள்ளி ஓட்டலை அடிச்சு நொறுக்கறா. வாசல்ல பேர்ப்பலகை, கோலம் எல்லாத்தையும் எடுத்துடுங்கோ. அதைப் பாத்துத்தான் எது நம்மவா ஆம்னு கண்டுபிடிக்கறாளாம்" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு பின்பக்கமாகப் போய்விட்டாள்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் கோலம் இல்லாமல் என் வாசல் விடிந்ததில்லை. அதை நானே மண்டி போட்டு ஈரத்துணியால் துடைத்தேன். காய் நறுக்கும் கத்தியால் பேர்ப்பலகையின் திருகாணிகளைக் கழற்றினேன். தலையில் இருந்த பூவைக்கூட எடுத்துக் குப்பையில் போட்டேன். கதவைத் தாழிட்டு, ஸ்டவ்வை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, கூடத்தில் நின்றேன். பயந்தேன் என்பதற்காக நான் வெட்கப்படவில்லை. யாருக்குத்தான் பயமிருக்காது?

பதினோரு மணி இருக்கும். படியில் ஓடிவருகிற சத்தம். செருப்பில்லாத கால்கள், ஒரு பெரிய ஆள், இரண்டு சின்ன ஆள். நம் வாசலில் வந்து நின்றன. "எக்கா! எக்கா, நாந்தான் தங்கம். கதவத் தொறங்கக்கா. கடைய எரிச்சிட்டானுவ. பிள்ளைய ரெண்டும் கூட இருக்குக்கா." தட்டினாள். கையால் தட்டினாள், அப்புறம் வளையல் குலுங்கக் குலுங்கத் தட்டினாள். சின்னவள் சாந்தி விம்மி விம்மி அழுகிறாள். பெரியவள் மல்லிகா, "அம்மா, வா, வந்துருவானுவ" என்கிறாள். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு பலகைக் கதவுதான்.

நான் திறக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அந்தப் படம் அப்போது ஞாபகம் வரவில்லையா அம்மா என்று கேட்பாய். வந்தது. அதுதான் கேவலம். அவளைப் பாவி என்று திட்டியது, முன்வரிசைக்காரர்கள் திரும்பியது, நீ முந்தானையை இழுத்தது, எல்லாம் வந்தது. வந்தும் கை தாழ்ப்பாளுக்குப் போகவில்லை. அவள் பெயர் தெரியாத அந்த ஊர்க்காரி, நான் மாட்டுங்கா மாமி, இரண்டு பேரும் ஒரே மாதிரி நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டேதான் நின்றேன்.

பயம் மட்டும்தான் என்றால் இந்தக் கடிதத்தை இத்தோடு முடித்திருப்பேன். நீயும் ஒரு பாடு அழுதுவிட்டு மன்னித்திருப்பாய். இன்னொன்றும் இருந்தது. அதை அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. தங்கம் தட்டிக்கொண்டிருக்கும்போதே என் புத்தி கணக்குப் போட்டது: திறந்தால் மூன்று பேரையும் எங்கே உட்கார வைப்பது? கூடத்தில் வைத்தால் யாராவது கதவை உடைத்து நுழைந்ததுமே கண்ணில் படுவார்கள். ஒளித்து வைக்க இடம் அடுக்களைதான். அதை ஒட்டித்தான் பூஜை அலமாரி. அடுக்களைக்குள் அவர்களை எப்படி விடுவது? இதைத்தான் யோசித்தேன். வெளியே குழந்தை அழுகிறது, உள்ளே நான் ஆசாரம் பார்க்கிறேன். பத்து வருஷமாக அவள் கையால் வாங்கிய எண்ணெயில்தான் சுவாமிக்கு விளக்கேற்றினேன். அந்த எண்ணெய்க்கு அடுக்களையில் இடம் இருந்தது, அவளுக்கு இல்லை. யூதர்களை அந்த ஊர்க்காரர்கள் அப்படித் தள்ளி வைத்தார்களே என்று உன்னிடம் வாய் கிழியப் பேசியவள் நான்.

அவர்கள் இறங்கிப் போனார்கள். கட்டட வாசலைத் தாண்டித் தெருவில் கால் வைத்ததும் எங்கிருந்தோ ஒரு கல் வந்து மல்லிகாவின் நெற்றியைப் பிளந்துவிட்டது. ஜன்னல் இடுக்கு வழியாக ரத்தத்தைப் பார்த்தேன். அப்போது கீழ்வீட்டு மராட்டிக்காரம்மா இருக்கிறாளே, குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் நான் சண்டை போடுவேனே, அவள் ஓடிவந்து மூன்று பேரையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். வாசலில் காலை அகட்டி நின்று கல்லெறிந்த பையன்களை அவள் மராட்டியில் விட்ட வசவு மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டது. ராத்திரி வரை அவர்கள் அவள் வீட்டில்தான் இருந்தார்கள். மல்லிகாவுக்கு ஆறு தையல்.

அடுத்த வாரமே தங்கம் வந்தாள். கடை சாம்பலாகப் போனவள், கடனுக்கு ஒரு டின் எண்ணெய் எடுத்துக்கொண்டு வழக்கமான செவ்வாய்க்கிழமை வந்து நின்றாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கதவைத் திறந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள். "அன்னைக்கு ஒங்க வீட்டுக்குத்தான் ஓடியாந்தேன் கேட்டியளா. வாசல்ல கோலத்தக் காணும், பலகையையும் காணும். அப்பவே தெரிஞ்சு போச்சு, அக்கா ஊர்ல இல்லன்னு. செம்பூர் அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருந்தியளோ?" கோலம் இல்லாத வாசல் என்றால் வீட்டில் ஆள் இல்லை, இல்லாவிட்டால் துக்கம். நம் மனுஷர்கள் எல்லாரும் அப்படித்தானே நினைப்போம்? நான் சொல்ல வேண்டிய பொய்யை அவளே என் கையில் கொடுத்தாள். "ஆமாம் தங்கம், செம்பூருக்குத்தான் போயிருந்தேன்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேள, நீங்க தப்பிச்சிய" என்றாள். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அதற்கப்புறம் நீ எந்தப் படத்துக்குக் கூப்பிட்டாலும் தலைவலி என்றேன். "அம்மாவுக்கு மனசு தாங்காது" என்று நீ எல்லாரிடமும் சொன்னாய்.

ஞாயிறு விருந்துக்குப் பிறகு என்னால் முடியவில்லை. நீ அந்தக் கதையை ஜெர்மனியிலும் சொல்லப்போகிறாய். அங்கே ஒரு கிழவியைக் கேட்கப்போகிறாய், திறந்தியா என்று. என்னை வைத்துக்கொண்டு அவளைக் கேட்பாய். திங்கட்கிழமை மத்தியானம் ரயில் பாலத்தைத் தாண்டித் தாராவிக்கு நடந்தேன். இருபது நிமிஷம்தான் ஆயிற்று. பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அங்கே போனதில்லை. வழி கேட்டுக் கேட்டுப் போய் நின்றதும் தங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. "எம்மா, அக்கா வந்திருக்காவ!" என்று இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டு, மல்லிகாவை விரட்டிக் கடையிலிருந்து கலர் சோடா வாங்கிவரச் சொன்னாள். அந்த வீட்டில் அடுக்களை, கூடம் என்று தனியாக ஒன்றுமில்லை. என்னை அடுப்புக்குப் பக்கத்தில்தான் உட்கார வைத்தாள்.

சொல்லிவிட்டேன். பயத்தையும் சொன்னேன், மற்றதையும் சொன்னேன். அவள் திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அடுப்பைத் தணித்தாள். அப்புறம் கேட்டாள்.

"நான் கூப்பிட்டது கேட்டுச்சா?"

"கேட்டுது."

"சின்னவ அழுதது?"

"அதுவும் கேட்டுது, தங்கம்."

"இத்தன நாளும் அந்தக் கலாட்டாவ நெனச்சா ஒண்ணுதான் சொல்லிக்கிடுவேன். ஊரே எதிரியா நின்னாலும் எங்கக்கா இருந்திருந்தா தொறந்திருப்பாவன்னு. பிள்ளையகிட்டயும் அதத்தான் சொல்லி வச்சிருக்கேன். இப்ப ஏன் வந்து சொன்னீங்க?" என்றாள். உன்னிடமும் சொல்லப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன். "சொல்லுங்க. இல்லன்னா தம்பி பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும், கேக்க நல்லாருக்காது" என்றாள். கலர் பாட்டிலை என்னால் பாதிகூடக் குடிக்க முடியவில்லை.

அந்த ஊர்க்காரர்களுக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதே. அங்கே நடந்த கொலைபாதகம் எங்கே, ஒரு நாள் கலாட்டா எங்கே. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிற அசடு இல்லை நான். கொன்றவனை நீ கேள், நன்றாகக் கேள். கதவுக்குப் பின்னால் நின்றவளைக் கேட்கும்போது மட்டும், உன் அம்மாவைக் கேட்கிறோம் என்று தெரிந்துகொண்டு கேள். கேட்காமல் விட்டுவிடாதே, அதையும் சொல்கிறேன். என்னை யாராவது முதல் வாரமே கேட்டிருந்தால் நான் இந்தப் பொய்யை இவ்வளவு நாள் சுமந்திருக்க மாட்டேன். அப்புறம், படம் பார்த்து அழுகை வந்தால் அழு, ஆனால் அழுதுவிட்டோம் என்று வீட்டுக்கு வந்து நிம்மதியாகப் படுக்காதே. உன் வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார். நான் அதைப் பார்த்ததே இல்லை.

நேற்று செவ்வாய்க்கிழமை. வரமாட்டாள் என்று நினைத்தேன், சரியாக வந்துவிட்டாள். நீ கடைக்குப் போயிருந்தாய். கதவை அகலத் திறந்து, "உள்ளே வா தங்கம், அடுக்களைக்கு வா, அங்கே ஒக்காந்து காபி சாப்பிடலாம்" என்றேன். இதைச் சொல்ல எனக்குப் பத்து வருஷம் ஆகியிருக்கிறது. அவள் எண்ணெய் டின்னை நிலைக்கு வெளியே இறக்கி வைத்தாள். கோபமெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"இருக்கட்டும்மா. நான் இப்பிடியே நிக்கேன், நீங்க பாத்திரத்த எடுத்துட்டு வாங்க."

பாத்திரத்தை எடுத்து வந்தேன். ஊற்றிவிட்டு, மூடியை இறுக்கிக்கொண்டு, "வாறேம்மா" என்று இறங்கிப் போனாள். பத்து வருஷமாக நான் அவளுக்கு அக்கா. இனி எண்ணெய் வாங்குகிற வீடுகளில் ஒரு வீட்டு அம்மா. நீ இதைப் படித்துவிட்டு என்னை என்னவென்று கூப்பிடுவாய் என்று தெரியவில்லை. திட்ட வேண்டுமானால் திட்டி எழுது, ரமணி, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்
அம்மா